எட்டாவது பெயர்

லாரன்ஸ் அவென்யூ பஸ்ஸில் ஏறினால் கிருஷ்ணவேணி ஜன்னலோரம்தான் உட்காருவாள். பக்கத்தில் மகள் சியாமளா. அடுத்த பஸ்ஸுக்கு மாறிக்கொள்ள டிரைவர் கிழித்துத் தந்த டிரான்ஸ்ஃபர் சீட்டைக் கையுறைக்குள் செருகிக்கொள்வாள். பள்ளிக்கூடம் நடக்கும் நேரத்தில் எந்த அடுக்குமாடி ஜன்னலிலாவது பள்ளி வயதுப் பிள்ளையின் முகம் தெரிந்தால் போதும். சீட்டை உருவி, பென்சில் நுனியை நாக்கில் தொட்டு, கட்டட எண்ணையும் மாடியையும் அதன் பின்பக்கம் குறித்துக்கொள்வாள்.

சியாமளாவுக்கு ஏழு வயது. பேச்சு மூன்று வயதுக் குழந்தையின் பேச்சு. இவளுக்கு ஏற்ற வகுப்பு இல்லை என்று வெக்ஸ்போர்ட் பக்கத்துப் பள்ளி ஒன்று திருப்பி அனுப்பிவிட்டது. கல்விச் சபை அலுவலகத்தில் ஒரு அதிகாரி பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: இப்படி எட்டுப் பிள்ளைகள் இருந்தால் தனி வகுப்பு திறக்கலாம், அதுதான் விதி.

"எட்டு பேருக்கு எங்கடி போவே? சந்தையிலயா கிடைக்கும்?" என்றான் கணவன் ஸ்ரீநிவாசன்.

"ஜன்னல்ல கிடைக்கும்," என்றாள்.

சீட்டில் குறித்த வீடுகளை ஒவ்வொன்றாகத் தேடிப்போய்த் தட்டினாள். சில கதவுகள் முகத்தில் அறைந்து மூடின. ஒரு இத்தாலியப் பெண் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே அழுதாள். அழுது முடித்துக் கழற்றினாள். சியாமளாவோடு சேர்த்து ஏழு பெயர்கள் தேறின. எட்டாவது மட்டும் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமைகளில் கீழ்மாடி அன்னம் வீட்டில் தேநீர். அன்னம் யாழ்ப்பாணத்துக்காரி. உள்ளறையில் கணவர் இரவு வேலை முடித்துத் தூங்குகிறார் என்று எப்போதும் மெல்லத்தான் பேசுவாள். ஒரு வியாழன் சியாமளா அந்தக் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளிருந்து இரண்டு சிரிப்புகள் கேட்டன.

எட்டிப் பார்த்தாள் கிருஷ்ணவேணி. கட்டிலில் பத்து வயதுப் பையன் ஒருவன், சியாமளாவின் பின்னலைப் பிடித்துக்கொண்டு.

"உவன் என்ர தங்கச்சியின்ர பொடியன்," என்றாள் அன்னம். பையன் "அம்மா" என்று அவளையே கூப்பிட்டான்.

கிருஷ்ணவேணி சீட்டை எடுத்தாள். "பேர் சொல்லுங்க அன்னம்."

"வேண்டாம். எங்கட ஆக்கள் அறிஞ்சால் என்ன கதைப்பினம்?"

"எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் என்ன பேசிட்டேன்? டீ ஆறிப்போச்சு, சூடு பண்ணித் தாங்கன்னுதான் சொல்லப்போறேன்."

அன்னம் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தேநீரைச் சூடாக்கினாள். பிறகு அங்கிருந்தே சொன்னாள்: "குகன். குகன் எண்டு எழுதுங்கோ."

பட்டியலை அதிகாரி இரண்டு தரம் எண்ணினார். செப்டம்பரில் வகுப்பு திறந்தது. சியாமளாவும் குகனும் ஒரே மேசை. சியாமளா இல்லாமல் பஸ்ஸில் போகும்போதும் கிருஷ்ணவேணி ஜன்னல்களைப் பார்ப்பாள், ஆனால் பென்சிலை எடுப்பதில்லை.

அந்த அதிகாரியைப் பற்றிப் பேச்சு வந்தால், "நல்ல மனுஷன், இருபதுன்னு சொல்லாம விட்டாரே," என்பாள். அவள் அப்படிச் சொன்னதன் காரணம் கேட்டவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. எட்டு என்ற விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவள் திரும்பி வராமலிருக்க, அன்று அவர் வாயில் வந்த எண்ணைச் சொல்லியிருக்கிறார்.