பாத்தி மிதித்த கால்கள்

பாண்டிச்சேரியிலிருந்து வந்த பஸ் மரக்காணத்தில் நின்றது. அருக்காணி கடைசிப் படியில் காலை வைத்தாள். தரை கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. மரத்துப்போன பாதம் மடங்க, அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

முப்பது வருஷம் உப்பளத்தில் உழைத்தவள். முட்டி வலி என்று அந்த வேலையை விட்டபோது, மகன் பரத் ஈ.சி.ஆர். ஓரமாக ஒரு கருவாட்டுக் கடை வைத்துக் கொடுத்தான். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பிளாஸ்டிக் நாற்காலிதான். சாயங்காலம் பாதம் இரண்டும் வீங்கிச் சில்லிட்டுக் கிடக்கும். வயசாகிவிட்டது என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

விழுந்த மறுநாள் புருஷன் சடையப்பன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். எலும்புக்கு ஒன்றுமில்லை. டாக்டர் பாதத்தில் விரல் வைத்து நாடி பார்த்தார், சர்க்கரையும் பார்த்தார். இரண்டும் சரியாக இருக்கவே, பிசியோதெரபி பார்க்கும் ஆரோக்கியசெல்வியிடம் அனுப்பிவைத்தார்.

"கீழ எறங்குற ரத்தத்த மேல தள்ளறது உங்க கெண்டக்கால் சதைதாங்க. நீங்க உக்காந்தே கெடந்தா அதுவும் சும்மா கெடக்கும்" என்றாள் அவள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னாள். கடையில் உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னாள். பிறகு சடையப்பனிடம் திரும்பினாள்.

"நீங்க எண்ணெ தடவி, விரல்லேர்ந்து முட்டி பக்கமா மெதுவா நீவி விடுங்க. இதமா இருக்கும். ஆனா நடக்கறதுதான் முக்கியம்."

அருக்காணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவரு என் காலத் தொடுறதா? பாவம்மா!"

"நான் தொடுறேனே, எனக்குப் பாவமில்லியா?" என்று சிரித்தாள் ஆரோக்கியசெல்வி.

அன்று சாயங்காலம் சடையப்பன் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயோடு வந்து உட்கார்ந்தார். அருக்காணி காலை இழுத்துக்கொண்டாள்.

"ஏன் இழுக்கற? நான் தொடாத காலா?"

அவளுக்கு அந்தப் பழைய நாள் நினைவுக்கு வந்தது.

கல்யாணமான வருஷத்துத் தை மாசம். மழைத் தண்ணியை வடித்துவிட்டு, உப்பு விளையும் பாத்தியைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். பொம்பளைகள் வரிசையாக நின்று, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, ஊர்க்கதை பேசிப் பேசி மிதிப்பார்கள். வானூர்ப் பக்கம் வயலில் வளர்ந்த அருக்காணியின் கால் உப்புச் சேற்றில் வெடித்து எரிந்தது. சடையப்பன் ஒரு குடம் நல்ல தண்ணி கொண்டுவந்து, வரப்புக்குப் பின்னால் அவளை உட்கார வைத்து, விரல் விரலாகக் கழுவிவிட்டான். கூட மிதித்துக்கொண்டிருந்த செல்லம்மாள் பார்த்துவிட்டாள்.

"டேய் சடையா, பொண்டாட்டி காலுக்குப் பூஜையா?"

உப்பளமே சிரித்தது. அதற்கப்புறம் அவன் அவள் காலைத் தொடவே இல்லை. மறந்துவிட்டான் என்றே அவள் இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

"அப்ப ஏன் விட்டுட்டீங்க?"

"வெக்கமா பூடுச்சு" என்றார், தலை நிமிராமல்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. காலைத் தானாகவே நீட்டினாள். அவருடைய காய்த்துப்போன உள்ளங்கை நீவ நீவ, பாதத்தில் சூடு ஏறுவது தெரிந்தது.

வீக்கம் வடியக் கொஞ்ச காலம் பிடித்தது. கடையில் ஆள் வராத நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவாள். பழைய உப்பளத்துப் பொம்பளைகள் நடுவில் நின்று பாத்தி மிதிப்பது போலவே இருக்கும். அவர்களில் செத்துப்போனவர்களின் குரல்கூடக் காதில் கேட்கும். மழை நாளில் விரல் நுனி இன்னமும் மரத்துத்தான் போகிறது. மற்ற நாளில் செருப்பின் வார் உறுத்துவதுகூடத் தெரிகிறது.

"ஏறும்மா, கடையில விட்டுட்டுப் போறேன்" என்று பரத் பைக்கை நிறுத்தினால், "நீ போடா, நாங்க பேசிக்கினே நடந்து வர்றோம்" என்கிறாள். சடையப்பன் அவள் நடைக்குத் தக்கபடி மெதுவாக நடக்கிறார்.