நாலு டியூப்பில் போன அம்மன்

1. மயிலாடியிலிருந்து வந்த ஆசாரி

நாகர்கோவிலில் நான் மெக்கானிக்காக இருந்த ஒர்க் ஷாப்புக்கு ஒருநாள் காலையில் மயிலாடியிலிருந்து ஒரு சிற்பி வந்தார். பெயர் வேலாயுத ஆசாரி. நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம் அது.

"கீறல் விழாம ஒரு சாமானத்தக் கொண்டு போவ ஒக்குமா?" என்றார்.

"ஓய், இங்க எல்லாம் கீறல் விழுந்த பொறவுதான் வருது" என்று முதலாளி சிரித்தார். ஆசாரி சிரிக்கவில்லை.

சாமான் என்றால் அம்மன் சிலை. தக்கலைக்கு மேற்கே ஒரு ஊரில் பிரதிஷ்டை. காதில் தொங்கும் வளையத்தையும் அதே கல்லிலேயே குடைந்து செதுக்கியிருந்தார். விரலால் தொட்டால் வளையம் தனியாக ஆடும். இதற்கு முன் அவர் செய்த ஒரு சிலை மாட்டுவண்டியில் போகும்போது சுண்டுவிரல் முனை தெறித்துவிட்டதாம். பின்னமான சிலையை யாரும் கும்பிட மாட்டார்கள். அது இப்போதும் அவர் பட்டறை மூலையில்தான் கிடக்கிறது.

"இன்னொண்ணு அப்பிடிப் போச்சுன்னா, நான் உளியத் தொட மாட்டேன் கேட்டியளா" என்றார். அதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

2. காற்றின் மேல் பலகை

எங்களிடம் பின்கதவு வைத்த பழைய கார் ஒன்று இருந்தது. இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங். நாலு பேரைச் சுமக்கும், ஆனால் சரளை ரோட்டில் முதுகெலும்பை எண்ணிவிடலாம். பின்சீட்டைக் கழற்றிவிட்டு, மூலைக்கு ஒன்றாக நாலு டயர் டியூப்பைப் படுக்க வைத்துக் காற்றடித்து, மேலே பலகை போட்டேன்.

முதலில் சிலையின் எடைக்குச் சரியாக ஒரு ஆட்டுக்கல்லும் அம்மியும் ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். பலகையில் வைத்த செம்புத் தண்ணீர் பள்ளத்தில் விழுந்தபோதும் சிந்தவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வளைவில் ஆட்டுக்கல் உருண்டு கதவை இடித்தது.

"மக்கா, ஒனக்க காத்து குதிப்ப நிறுத்துது, ஆட்டத்த நிறுத்தலியே" என்றார் முதலாளி.

அவர் சொன்னது சரி. காற்று அதிர்ச்சியை விழுங்கும். பக்கவாட்டில் பிடித்து நிறுத்தாது. பலகை மேலும் கீழும் போகலாம், பக்கம் போகக் கூடாது என்று நாலு பக்கமும் கயிறு கட்டினேன். டயருக்கு வைக்கும் காற்றை விடக் குறைத்து வைத்தேன். மறுபடி ஓட்டினோம். ஆட்டுக்கல் அசையவில்லை.

3. வில்லுக்குறியில் கற்பூரம்

அம்மனை வைக்கோலில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்கதவுப் பக்கம் வைத்தோம். ஆசாரி பக்கத்திலேயே குந்திக்கொண்டார். வண்டி பூப்போல போனது. மனுஷர் வழியெல்லாம் வளையத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அம்மன் போகிற செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. வில்லுக்குறியில் ரோட்டை மறித்துக் கூட்டம்.

"கண்ணு தொறக்காத சிலை. இப்பக் கும்பிடப்பிடாது" என்று ஆசாரி கத்தினார்.

"அவ கண்ணு தொறக்காட்டா என்ன, எங்க கண்ணு தொறந்துதானே இருக்கு" என்றாள் ஒரு அக்கா. பின்கதவைத் திறந்து தீபாராதனை காட்டினாள். எரிகிற தட்டைப் பலகை ஓரத்தில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கற்பூரம் சரிந்து டியூப் மேல் விழுந்தது.

டப்பென்ற சத்தம். தலைப்பக்கத்து இடது மூலை இறங்கியது. வைக்கோலோடு அம்மன் வழுக்கி, வளையம் தொங்கும் காது கதவின் இரும்புக் கீலை நோக்கி வந்தது. ஆசாரி தன் தோளை இடையில் கொடுத்தார். அத்தனை எடையும் அவர் மேல்.

தூக்க இடமில்லை. காற்றடிக்க நேரமில்லை. குறுக்கே எதிர் மூலைதான் உயர்ந்து நின்றது. உள்ளே பாய்ந்து அதன் வால்வ் பின்னை அமுக்கிக் காற்றை இறக்கினேன். பலகை மிச்சம் இரண்டு டியூப்பின் மேல் நிமிர்ந்தது.

"எக்கா, அந்தப் பக்கத்துப் பின்ன அமுக்குங்க! நான் இத. மெதுவா!"

அழுதுகொண்டே அமுக்கினாள். இரண்டு பக்கமும் ஒரே சீராகக் காற்று போக, அம்மன் மட்டமாக வண்டித் தரையில் வந்து உட்கார்ந்தாள். ஆசாரி தோளை உருவிக்கொண்டார். சட்டை கிழிந்து ரத்தம். அதைப் பார்க்கவே இல்லை. வைக்கோலை விலக்கி வளையத்தை விரலால் தொட்டார்.

ஆடியது.

அவர் முகத்தை அன்று பார்த்தது எனக்கு இன்றும் பெரிய சொத்து.

ஸ்பேர் டியூப்பைப் போட்டோம். ஊரே பம்பு அடிக்க வரிசையில் நின்றது. கற்பூர அக்கா யாருக்கும் பம்பைக் கொடுக்க மாட்டேன் என்றாள். பிரதிஷ்டை குறித்த நேரத்தில் நடந்தது.

இப்போது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை வைத்த ஏர் சஸ்பென்ஷன் கார் நல்லதா என்று இளம் மெக்கானிக்குகள் கேட்கிறார்கள். நல்லதுதான். ஏற்றும் எடைக்கேற்ப வைத்துக்கொள்ளலாம், சுகம் வேறெதிலும் இல்லை. ஒரு மூலை ஒழுகினால் வண்டியே சாயும் என்பதும் நிஜம். ஆனாலும் இரும்புப் பட்டையை அவசரத்துக்கு இறங்கி உட்கார் என்றால் உட்காராது; காற்று உட்காரும். அதனால் தம்பிகளே, காற்றடிக்கப் படிக்கிற அன்றே இறக்கவும் படித்துக்கொள்ளுங்கள். கற்பூரத்தை மட்டும் வண்டிக்கு வெளியே காட்டச் சொல்லுங்கள்.