சித்தியை அழைத்துவரப் போன நாள்

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. கடைவீதியில் அப்பாவும் சித்தப்பாவும் துணிக்கடை வைத்திருந்தார்கள். கடையின் பின்கட்டில் குடியிருந்தோம். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளை, யார் பேச்சையும் கேட்காமல் சித்தப்பா கல்யாணம் செய்துகொண்டார். எங்கள் வீட்டுப் பெண்கள் கடை வாசலுக்குக்கூட வருவதில்லை. சித்தி சில மாதங்கள் எங்களோடு பின்கட்டில் இருந்து பார்த்தாள். பிறகு தோட்டத்துக்கே திரும்பிப் போய்விட்டாள். ஞாயிறுதோறும் சித்தப்பா அவளைப் பார்க்க நடந்தே போய்வந்தார். கடைவீதி சிரித்தது.

பொறுத்துப் பார்த்த அப்பா ஒருநாள் மாட்டுவண்டி பிடித்தார். சித்தப்பாவோடு என்னையும் ஏற்றிக்கொண்டார். என்னைக் கண்டால் சித்தியின் மனம் இளகும் என்று நம்பினார். எனக்கு அப்போது ஏழு வயது. வண்டியில் போகக் கிடைத்ததே போதுமாயிருந்தது.

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் சித்தி கால் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா நின்றபடியே, "இன்னைக்கு வரலேன்னா தம்பிக்கு வேற எடம் பாக்க வேண்டியதுதான்" என்றார்.

சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். "நீங்களும் கூட்டிட்டுப் போகத்தான் வந்தீங்களா?"

"அண்ணன் கூட்டிட்டுப் போக வந்தாரு. நான் ஒன்னப் பாக்க வந்தேன்."

"கங்காணி அதட்டலுக்கு ஓடுற பொழப்பு அவ்வளவு ஒசத்தியா?" என்றார் அப்பா.

"ஒசத்தி இல்லீங்க. ஆனா வேல முடிஞ்சா என் இஷ்டத்துக்கு நடப்பேன், நாலு பேரோட சிரிப்பேன். அங்க எனக்கு மூச்சு முட்டுது."

அண்ணன் எதிரே உட்கார்ந்தறியாத சித்தப்பா அன்று வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். "மூச்சு முட்டுற எடத்துல இவள வச்சுக்கிட்டு நான் எப்படிண்ணே சந்தோசமா இருப்பேன்? வேற எடமெல்லாம் வேணாம். எனக்குப் பொண்டாட்டி இருக்கா."

சித்தி ரொட்டி சுட்டுத் தந்தாள். கோபம் தணியாமலே அப்பா இரண்டு சாப்பிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் சித்தப்பா மெல்லப் பாடிக்கொண்டே வந்தார். "சித்தி வரலியே, ஏன் பாடுறீங்க?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போர்வையை என் தலைக்கு மேல் இழுத்துவிட்டார்.

கடைசிவரை அவர்கள் அப்படியேதான் வாழ்ந்தார்கள். ஒரே கூரைக்குள் வாழ்ந்த எத்தனையோ தம்பதிகளைப் பார்த்துவிட்டேன். ஒருவரையொருவர் கண்டதும் அப்படி மலர்ந்த முகங்களை வேறெங்கும் பார்த்ததில்லை.

அன்று வீடு திரும்பியபோது அம்மா பின்கட்டுக் கதவோரம் நின்றிருந்தாள்.

"வந்தாளா?"

"வரல" என்றார் அப்பா.

அம்மா இலை போட்டு, சித்தப்பாவின் சோற்றில் நெய்யை நிறைய ஊற்றினாள். அப்பாவுக்குக்கூட அவள் அவ்வளவு ஊற்றியதில்லை. மனைவி வராத மனிதர் மேல் அம்மாவுக்கு இரக்கம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.