ஒக்சிஜன் மிஷினுக்குத் தைத்த உறை

கேகாலை டவுனில் மருத்துவ உபகரணக் கடை வைத்திருக்கிறீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். என் மச்சானின் உயிரோடு விளையாடியது நீங்கள்தான்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் தங்கச்சி செல்வராணி வீட்டுக்குப் போனேன். ரப்பர் தோட்டத்து லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அவள் புருஷன் ஆறுமுகம், ரப்பர் ஷீட் காயவைக்கும் புகை வீட்டில் காலமெல்லாம் வேலை செய்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். வீட்டிலேயே ஒக்சிஜன் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் டொக்டர். சுற்றியிருக்கிற காற்றை இழுத்து, ஒக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மிஷின். மூன்று மாதத்துக்கு முன்னால் நான்தான் கூடப் போய் வாங்கிக் கொடுத்தேன்.

வாங்கும்போது நான் என்ன கேட்டேன்? எந்த நாட்டுச் சாமான், கேரண்டி எத்தனை வருஷம்... அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் வாங்குகிறவன் மாதிரி! நீங்கள் ஒரு பட்டனை அமுக்கினீர்கள். புஸ் என்று காற்று வந்தது. "ஹரி" என்றீர்கள், சிங்களத்தில் சரி என்று. நானும் "ஹரி" என்று தலையாட்டினேன். விளக்கம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனால், மிஷின் பீப் பீப் என்று கத்துகிறது. பச்சையாக எரிய வேண்டிய லைட் மஞ்சளாக எரிகிறது. மச்சான் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து வாயால் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

"வாங்க மச்சான்... எனக்கு முந்தி மிஷினுக்கு மூச்சு வாங்குது."

அந்த நிலைமையிலும் நக்கல்!

மிஷின் இருந்த அழகைச் சொல்லியாக வேண்டும். சுவரோடு ஒட்டி, சாமிப் படங்களுக்குக் கீழே வைத்திருந்தார்கள். சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு. ஒரு முழத் தூரத்தில் விளக்கு எரிகிறது. தலை முதல் கால் வரை ஃப்ரில் வைத்த பூப்போட்ட உறை, செல்வராணி கையால் தைத்தது. வீட்டுக்குப் பெரிய சாமான் வந்தால் நாம் என்ன செய்வோம்? டீவிக்குச் செய்ததை இதற்கும் செய்திருக்கிறாள். அக்கறை இல்லாமல் நடந்த தப்பு இல்லை இது. அக்கறை கூடி நடந்த தப்பு.

உங்களுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். "மிஷினக் கொண்டு வாங்க, கொழும்புக்கு அனுப்பணும், ஒரு கிழமை ஆகும்" என்றீர்கள். ஒரு கிழமை, ஏழு நாள், மனுஷன் எதைச் சுவாசிக்கிறது? இன்னும் கத்தினேன்.

"போன இங்க தாங்கண்ணே. நீங்க கத்துறதுல அவருக்கு இருக்கிற மூச்சும் போயிரும்."

செல்வராணி போனைப் பிடுங்கிக்கொண்டாள். சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இது காத்த எங்கிருந்து இழுக்குது?"

மூன்று மாதமாக எனக்குத் தோன்றாத கேள்வி.

பின்பக்கத்திலிருந்து என்றீர்கள். அங்கே ஸ்பொஞ்ச் ஃபில்டர் இருக்கிறது, கிழமைக்கு ஒருதரம் கழுவ வேண்டும் என்றீர்கள். சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வைக்க வேண்டும், மூடவே கூடாது என்றீர்கள். "ஆ... ஆறடிக்குள்ள நெருப்பும் இருக்கக் கூடாது" என்றீர்கள் — போனை வைக்கப் போகிற நேரத்தில், போகிற போக்கில்!

செல்வராணி போனை என் கையில் திணித்தாள். முதலில் போய் விளக்கைக் குளிர வைத்தாள். உறையை உருவினாள். ஃபில்டரைக் கழற்றினாள். விறகடுப்புக் கரியும் பஞ்சும் அப்பிக் கிடந்தது. மெத்தைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்த பொலித்தீன் பையை எடுத்து உதறினாள். இங்கிலிஷ் புத்தகத்தோடு ஒரு புது ஃபில்டர் விழுந்தது! அது உள்ளே இருப்பதைக்கூட யாரும் சொல்லவில்லை.

மாட்டினாள். மிஷினை இழுத்துத் தள்ளி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பீப் நின்றது. லைட் பச்சைக்கு வந்தது. மச்சானின் விரலில் மாட்டியிருந்த, இரத்தத்து ஒக்சிஜனைக் காட்டும் கிளிப்பில் எண்பத்து நாலு மெதுவாக ஏறித் தொண்ணூறைத் தொட்டது.

பழைய ஃபில்டரைச் சவர்க்காரம் போட்டு அலசினாள். "நல்லா காயவிட்டுத்தான் மாட்டணும்ணே. பால் வடிக்கிற சல்லடை மாதிரி. அலசாட்டி அடைச்சிக்கும். இம்புட்டுதானா விஷயம்?"

அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா பார்க்க வந்தாள். "என்னடி ரெண்டுல வச்சிருக்க? அஞ்சுல வையி, சீக்கிரம் தேறட்டும்" என்று ஒக்சிஜன் அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகியைத் தொடப் போனாள்.

"கைய எடுங்கக்கா! டொக்டர் சொன்னது ரெண்டு. பால் கூட வருதுன்னு கத்திய ஆழமா விடுவீங்களா? மரம் செத்துப் போகாது?"

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். எனக்கும் எந்த டொக்டரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

சாமிப் படங்கள் இஸ்தோப்புக்கு, அதுதான் முன்வராந்தாவுக்கு, போயின.

"சாமி கோவிச்சுக்காதா?" என்று சீண்டினார் மச்சான்.

"சாமி கொஞ்சம் வெளிக்காத்து வாங்கட்டும். நீங்க உள்காத்து ஒழுங்கா வாங்குங்க."

சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள்.

"அண்ணே... கீழ் டிவிஷன் புஷ்பம் வீட்டுலயும் இதே மிஷின். அதே கடை. அவளுக்கும் நாந்தான் உறை தைச்சுக் கொடுத்தேன்."

மச்சானை அந்த அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, செருப்புக்கூட மாட்டாமல் ரப்பர் மரங்களுக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கினாள். பின்னால் நான், மச்சானைவிட மோசமாக இளைத்துக்கொண்டு.

அங்கே புஷ்பத்தின் மாமனார் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறார். மிஷின்மேல் அதே பூப்போட்ட உறை. உறையின்மேல் சூடத் தட்டு. புஷ்பம் தீப்பெட்டியைத் திறந்துவிட்டாள்!

"கொளுத்தாத புஷ்பம்!"

லயமே வாசலுக்கு வந்துவிட்டது. செல்வராணி தட்டை எடுத்து வெளியே வைத்தாள். தான் தைத்த உறையைத் தானே கழற்றினாள். ஃபில்டர், சுவர், விளக்கு, திருகி என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். பிறகு அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்: "தெரியாம தைச்சுக் கொடுத்துட்டேன்டி. தப்பு என்னோடது."

அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனாலும் தப்பு என்னோடது என்றாள். என் தங்கச்சி என்பதற்காகச் சொல்லவில்லை... இப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. கடையில் தலையாட்டியவன் நான். அன்று அந்த வாசலில் எனக்கு அது வாயில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்: தப்பு என்னுடையதும்தான்.

கடைக்காரரே, உங்கள் முறை. வாங்கியவர்களின் பெயரும் நம்பரும் உங்களிடம் இருக்கிறது. இதுவரை எத்தனை லயத்துக்கு இந்த மிஷின் போயிருக்கிறது? அதில் ஒரு வீட்டுக்காவது போன் எடுத்து, விளக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று தமிழில் சொன்னீர்களா?

எனக்குப் போன் எடுத்துச் சமாதானம் பேச வேண்டாம். உங்கள் பெயரைப் போட்டு, என் கடிதம் வந்த இதே பக்கத்தில், எல்லாரும் வாசிக்கப் பதில் எழுதுங்கள்.