அப்பாவின் ஹெரால்டும் அவர் போடாமல் விட்ட துளையும்

அப்பா ஏன் ஒரு துளையோடு நிறுத்தினார்? அவர் மறைந்து ஓராண்டு நிறைகிற இன்றைக்கும் இதற்கு என்னிடம் பதில் இல்லை. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருப்பவர்களில் பாதிப் பேர் அவரை உறவினராக அறிந்தவர்கள். மீதிப் பேர் பழைய கார்க்காரராக அறிந்தவர்கள். இரண்டு தரப்பாரும் அநேகமாக இன்றுதான் ஒரே பந்தியில் உட்காருகிறீர்கள்.

அப்பா களமருதூரில் நெல் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தார். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட, பெரியப்பா தம் படிப்பை நிறுத்திக்கொண்டு நிலத்தில் இறங்கினார். அப்பாவை மட்டும் விடாமல் படிக்க வைத்தார். அப்பா விவசாயப் பட்டயப் படிப்பு முடித்து, சர்க்கரை ஆலையில் கரும்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அத்தைகள் இருவருக்கும் திருமணம் முடிந்த பிறகே தமக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். பணி ஓய்வு பெறும் வரை கச்சிராயபாளையம், வடக்கனந்தல் பக்கத்துக் கரும்புக் கொல்லைகளை மொபெட்டில் சுற்றி வந்தார். கள்ளக்குறிச்சியில் வீடு கட்டினார். அதிர்ந்து பேச மாட்டார். எந்த வேலையையும் அவசரமாகத் தொடங்க மாட்டார். தொடங்கிவிட்டால், முடியும் வரை சாமான்களை எடுத்து வைக்க மாட்டார். முற்றத்தில் நாள்கணக்கில் ஸ்பானர் கிடக்கும். அம்மா பெருக்கும்போது அதைச் சுற்றித்தான் பெருக்க வேண்டும். இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, வடக்கனந்தலில் ஒரு விவசாயியின் கொட்டகையில் அப்பா அந்தக் காரைப் பார்த்தார். சென்னையில் தயாரான ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி. பின் சீட்டில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருக்கிறார் அந்த விவசாயி. கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரெய்லரில் கயிறு கட்டி அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாங்க இது? கோழிக்கூட்ட வூட்டுக்கு இட்டாந்துட்டீங்க?" என்றார்.

"கோழிய அவங்களே வச்சிக்கினாங்க. கூடு மட்டும்தான்" என்றார் அப்பா.

அப்பா மெக்கானிக் கிடையாது. புத்தகம் பார்த்தும், கேட்டும், கெடுத்தும் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதில் போயின. கடைத்தெருவில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நாசர் பாய் அப்போதுதான் நண்பரானார். "அண்ணே, இந்தச் சாமானு எங்கிட்ட இல்ல, எங்க அப்பாகிட்டயும் இருந்திருக்காது" என்று சொல்லிவிட்டு, சென்னை புதுப்பேட்டையில் யாரையாவது பிடித்து வாங்கித் தருவார். இன்ஜின் முதன்முதலில் ஓடிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. நாங்கள் குதித்தோம். அப்பா உள்ளே வந்து, "டீ இருந்தா குடு" என்றார். அவ்வளவுதான்.

ஹெரால்டின் முன்பக்கம் மொத்தமாக முன்னால் சாய்ந்து திறக்கும், மட்கார்டு, விளக்கு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு. கண்காட்சிகளில் அப்பா வண்டியை அப்படித் திறந்து வைத்து, பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, தோளில் பழைய துண்டுடன் உட்கார்ந்திருப்பார். புதுச்சேரியில் ஆண்டுதோறும் நடக்கும் பழைய கார் கண்காட்சிக்குத் தவறாமல் போனார். சேலத்துக்கும் போனார். கள்ளக்குறிச்சியிலேயே சில நண்பர்களைச் சேர்த்து ஒரு மைதானத்தில் ஒரு முறை நடத்தினார். அதில் கார்களைவிட அவற்றைப் பார்க்க வந்து நிறுத்தப்பட்ட பைக்குகள் ஜாஸ்தி.

முதல் பரிசு அவருக்குக் கிடைத்ததே இல்லை. அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. வந்து போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்தான் அவருக்கு வேண்டியிருந்தன. மைலேஜ் எவ்வளவு, ஏசி உண்டா, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று எதைக் கேட்டாலும் எழுந்து நின்றுதான் பதில் சொல்வார். மதியம் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைப் பக்கத்து வண்டிக்காரர்களோடு பங்கிட்டுச் சாப்பிடுவார். புதுச்சேரியில் மாலையானால் வண்டிகள் எல்லாம் வரிசையாகக் கடற்கரைச் சாலையில் மெதுவாக ஊர்வலம் போகும். பெரும்பாலான வண்டிகளின் பின் சீட்டில் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து கையசைப்பார்கள்.

தயாரான காலத்தில் இருந்தபடியே வைத்திருக்கும் வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. அப்பா அதில்தான் சேருவார். நடுவர்கள் குனிந்து, டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். பின்னாளில் போட்ட ஸ்க்ரூ ஒன்று இருந்தாலும் மதிப்பெண் குறையும். ஒருமுறை ஒரு நடுவர், முன் பம்பரில் தொங்கிய எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் காட்டி, "இது கம்பெனியில் வந்ததா?" என்று சிரிக்காமல் கேட்டார்.

"கம்பெனி போட்டது இல்லீங்க. எங்க வூட்டுக்காரம்மா போட்டது. மார்க்க வேணும்னா கம்மி பண்ணிக்கோங்க. அதக் கழட்டிட்டு நான் வூட்டுக்குப் போவ முடியாது."

அந்த ஒன்றைத் தவிர எதற்கும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ரேடியோ வைக்க விடவில்லை. செல்போன் மாட்டும் தாங்கி வைக்கலாம் என்று தம்பி சொன்னபோது, "அந்தத் தகரத்துல யாரும் ஓட்டை போடக் கூடாது" என்றார். அப்பா எங்களிடம் கண்டிப்பாகப் பேசிய சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

இனி என் மகளைப் பற்றி. அவள் பிறந்த பிறகு, நானும் என் கணவரும் விழுப்புரத்திலிருந்து எங்கள் காரில் வந்து அப்பாவோடு கண்காட்சிகளுக்குப் போவோம். அவளை ஹெரால்டில் ஏற்ற நான் சம்மதிக்கவில்லை. அந்த வண்டியில் பெல்ட் கிடையாது. அந்தக் காலத்து வண்டிக்குச் சட்டமும் கேட்பதில்லை என்றார்கள். சட்டம் கேட்காவிட்டால் நான் கேட்கக் கூடாதா? கல்வராயன் மலைக்கு நண்பர்கள் எல்லாம் வண்டிகளை எடுத்துக்கொண்டு வெள்ளிமலை வரை போன ஒரு ஞாயிறு, பாப்பா தாத்தாவோடுதான் வருவேன் என்று அடம்பிடித்தாள். கோமுகி அணைப் பக்கம் எல்லோர் முன்னிலையிலும் நான், "பெல்ட் இல்லாத வண்டில, அதுவும் மலை ரோட்டுல, அவள ஏத்த மாட்டேன்பா" என்றேன்.

"சரிம்மா" என்றார் அப்பா. முகம் மாறவில்லை.

பாப்பா எங்கள் காரில் குழந்தை இருக்கையில் கட்டப்பட்டு, முன்னால் போகும் ஹெரால்டின் பின் கண்ணாடியைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே வந்தாள். ஏற்றத்தில் ஹெரால்டு கொதித்து நின்றது. அப்பா இறங்கி, முன்பக்கத்தைத் திறந்துவிட்டு, ஆறட்டும் என்று காத்திருந்தார். பின்னால் வந்த டவுன் பஸ்ஸின் கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "பெரியவரே, வண்டி ஓட்டிக்கினு போறீங்களா, மேய்ச்சிக்கினு போறீங்களா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அப்பாவும் சிரித்து, "மேய்ச்சல்தான். புல்லு நல்லா இருக்குது" என்றார்.

அன்று நான் சொன்னதை இன்றைக்கும் தவறு என்று நினைக்கவில்லை. இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து அப்பா காலமானார். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. காலையில் நெஞ்சு வலி என்றார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

கருமாதி முடிந்து, வண்டி நின்றே கெட்டுவிடக் கூடாது என்று தம்பி அதைச் சுத்தம் செய்ய எடுத்தான். பின் சீட்டைத் தூக்கியவன் என்னைக் கூப்பிட்டான். சீட்டுக்கு அடியில் தகரத் தரையில் ஒரு துளை. சுத்தமாக, பிசிறு இல்லாமல், ஓரத்தில் துருப்பிடிக்காமல் இருக்கச் செம்மண் நிறப் பூச்சு தடவப்பட்டிருந்தது. அதற்கு நேராக, நடுவில் ஒரு குழந்தை உட்கார்ந்தால் இடுப்புக்கு மறுபக்கம் வரும் இடத்தில், பென்சிலால் ஒரு கூட்டல் குறி. அங்கே துளை இல்லை.

நாசர் பாயிடம் கேட்டேன். "பெல்ட்டு வாங்கிக்கினு போனாரும்மா. யாருக்குண்ணேன்னேன். எங்க சின்ன மொதலாளிக்குன்னாரு. நான் சிரிச்சேன். வேற ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

பெல்ட் டிக்கியில் கவர் பிரிக்காமல் இருந்தது. இடுப்போடு போடும் அந்த பெல்ட்டுக்கு முனைக்கு ஒன்றாக இரண்டு துளைகளும், அவற்றின் அடியில் வைத்துத் தாங்கக் கனமான தகடுகளும் வேண்டும். தகடுகள் இரண்டும் வெட்டி, பூச்சு அடித்து, செய்தித்தாளில் சுற்றித் தயாராக இருந்தன. இதைப் பார்த்தால் அவர் தொடர இருந்தார் என்று தோன்றுகிறது. ஆனால் டிரில் மிஷின் அதன் பெட்டிக்குள், ஒயர் சுருட்டி, பிட்டில் எண்ணெய் தடவி, அலமாரியில் வைக்கப்பட்டிருந்தது. வேலை முடியாமல் அப்பா எதையும் எடுத்து வைத்து நாங்கள் பார்த்ததில்லை. அப்படியானால் வேலை முடிந்தது என்று முடிவு செய்துவிட்டாரா?

இதில் இன்னொன்றும் உண்டு. கடைசி வாரத்தில் அப்பா எனக்குப் போன் செய்தார். ஏதேதோ பேசிவிட்டு, "பாப்பா பெல்ட்டு போட்டா சும்மா உக்காருதா?" என்று கேட்டார். எங்கள் காரைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். "எங்கப்பா? கழட்டு கழட்டுன்னு ஒரே அழுகை. இறங்கற வரைக்கும் ஓயறதில்ல" என்றேன். "அப்படியா" என்றார். பிறகு மழையைப் பற்றிப் பேசினோம். அந்தப் போன், துளை போட்டதற்கு முன்பா பின்பா என்று தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால், மிஷின் சத்தம் கேட்டது அன்றைக்கோ மறுநாளோ என்கிறார். நான் பாதி உண்மையைத்தான் சொல்லியிருந்தேன். அழுதாலும் அவள் உட்காரத்தான் செய்வாள். அதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் மிஷின் வெளியிலேயே இருந்திருக்குமா?

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "அப்பா யோசிச்சுதான் நிறுத்தியிருக்காருக்கா. அந்த ஒரு ஓட்டையையும் வெல்டிங் வச்சு மூடிடலாம். வண்டி அவரு வச்சிருந்த மாதிரியே இருக்கட்டும்" என்கிறான் தம்பி. துளையோடு இருப்பதும் அவர் வைத்திருந்த மாதிரிதானே என்று கேட்டேன்.

அம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது. "ஒரு காதக் குத்திட்டு இன்னொரு காத வுட்டுட்டு வந்தவங்கள எங்கனா பாத்துருக்கியா?"

அம்மா சொல்வதில் ஒரு குறிப்பு இருக்கிறது. களமருதூரில் குலதெய்வக் கோயிலில், தம்பியின் மடியில் வைத்துப் பாப்பாவுக்குக் காது குத்தியபோது, முதல் காதிலேயே அவள் கத்திய கத்தலில் நான் பயந்து, போதும், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன். எல்லோரும் என்னைத் திட்டினார்கள். அப்பா மட்டும் காது குத்த வந்த பத்தரைச் சற்று இருக்கச் சொல்லிவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு போய், நிறுத்தியிருந்த ஹெரால்டின் ஹாரனை அமுக்கவிட்டார். கோயில் முழுக்கக் கேட்டது. திரும்பி வந்து, "இன்னொண்ணும் குத்திக்கலாமா?" என்று அவளையே கேட்டார். அவள் தலையாட்டிய பிறகுதான் மடியில் உட்கார வைத்தார்.

அப்பா பாதியில் விடாதவர் என்பதற்கு அம்மா இதைச் சொல்கிறார். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அவர் கேட்டுவிட்டுத்தான் இரண்டாவதைச் செய்தார். இந்த முறையும் கேட்டார் என்றால், பதில் சொன்னது நான்.

அப்பாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி எடுத்த எதிர் வீட்டாருக்கும், அன்று முழுதும் கடையைச் சாத்திவிட்டு எங்களோடு இருந்த நாசர் பாய்க்கும், களமருதூரிலிருந்து வந்து பதினாறு நாளும் அம்மாவை விட்டு அகலாத அத்தைகளுக்கும், தள்ளாமையிலும் தம் தம்பியான அப்பாவுக்காக எல்லாச் சடங்குகளையும் முன்னின்று நடத்திய பெரியப்பாவுக்கும், கடலூர், சேலம், புதுச்சேரியிலிருந்து தங்கள் வண்டிகளிலேயே வந்து வரிசையாக நின்று அப்பாவை வழியனுப்பிய நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். புதுச்சேரிக் கண்காட்சி நெருங்குகிறது. அப்பாவின் இடத்தில் ஹெரால்டு நிற்கட்டும் என்று அவருடைய நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். தம்பி ஓட்டுவான். பாப்பாவுக்கு ஐந்து வயது. எங்கள் காரில் இப்போது அவளே பெல்ட்டை மாட்டிக்கொள்கிறாள். நான் மறந்தால் எனக்கும் நினைவுபடுத்துகிறாள். அப்பாவுக்கு நான் சொன்ன பதில் இன்று செல்லாது. ஆனால் அதை மாற்றிச் சொல்ல அவர் இல்லை. துளையை மூடினால் அப்பா காத்த தகரம் மிஞ்சும். மற்றதையும் போட்டால் அவள் ஊர்வலத்தில் தாத்தாவின் வண்டியில் போவாள். எது அவர் விருப்பம்? அந்தக் கடைசி வாரத்தில் அப்பா உங்களில் யாரிடமாவது இது பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும், அவரை அறிந்தவர்கள் என்ற முறையில் உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.

வண்டி இன்று பந்தலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. பின் சீட்டைக் கழற்றி வைத்திருக்கிறோம். சாப்பிட்டு முடித்தவர்கள் போகும்போது ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுப் போகலாம். பென்சில் குறியை மட்டும் யாரும் தொட வேண்டாம். லேசாகத்தான் போட்டிருக்கிறார்.