முனியாண்டிக்கு ஸ்பெயின் போத்தல்

பதுளையில் மழை விடவில்லை. ஊருக்கு வந்த இடத்தில் நோயில் விழுந்த மனைவியை இங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, நனைந்தபடியே வைன் ஸ்டோர்ஸ் படியேறுகிறேன். நாளை அவளுக்கு ஆபரேஷன். அதற்குள் பசறைப் பக்கம் போய், நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து முனியாண்டி சாமிக்கு ஒரு போத்தல் படைத்துவிட வேண்டும்.

"இருக்கிறதுலயே பெரிய சாமானா எடு தம்பி. தோட்டத்துக் கூலி லயத்துல பொறந்து, இன்னைக்குக் கொழும்புல லொறி லொறியா ஓட விடுறவன் நான்."

கடைக்காரர் ஒரு சிவப்பு வைனைத் துடைத்து வைக்கிறார். "ஸ்பெயின் சரக்குங்க. இந்த மழைக் குளிருக்கு இதுதான் தோது. வெயில் காலம்னா வெள்ளை தருவேன். ஆட்டுக்கறியோட குடிச்சுப் பாருங்க."

"குடிக்கிறது நானில்ல. முனியாண்டி."

அவர் சிரிக்கவில்லை. "சாமி வந்து ஆடுற பூசாரி இதை வாயில ஊத்துனா, புளிக்குதுன்னு துப்பிருவாருங்க. சாமி துப்பிருச்சுன்னா, நீங்க எந்த மனசோட திரும்பிப் போவீங்க?"

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். பேங்க் மேனேஜர்களையே பேசி மடக்கியவன். இப்போது ஸ்பெயின் போத்தலை ஓரமாகத் தள்ளி வைக்கிறேன்.

"சரி, சாராயமே குடு."

அவர் அதைப் பேப்பரில் சுற்றுகிறார். ஸ்பெயின் போத்தல் இன்னும் மேசையில்தான் நிற்கிறது.

"இது எவ்வளவு நாளைக்குக் கெடாம இருக்கும்?"

"திறக்காட்டி வருஷக்கணக்குல இருக்குங்க. ஏன்?"

"அவ எந்திரிச்சு வீட்டுக்கு வரட்டும், அப்ப திறக்கிறேன். அதையும் சுத்து."