கறுப்புக் காய்களின் பதில்

பதுளையில் மழை விடாத வாரம் அது. சதுரங்கப் பலகை நனைந்துவிடுமோ என்று இரண்டு பைகளில் சுற்றி எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனேன். தேயிலைத் தோட்ட ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது.

கொழும்பிலிருந்து வந்திருந்த மகன், அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "அப்பாவுக்கு ஒண்ணும் வெளங்கலைங்க மாமா. அங்க ஒரு முதியோர் இல்லத்துல எடம் பார்த்திருக்கேன். வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்" என்றான். அவன் அம்மா கணவரின் வாயைத் துடைத்துவிட்டார்.

"ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துர்றேன் தம்பி" என்றேன். முப்பத்திரண்டு காய்களையும் எண்ணி அடுக்கினேன். அவருக்குக் கறுப்பு.

ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினேன். அவருடைய இடக்கை பலகைக்கு மேலே வெகுநேரம் தடுமாறியது. பிறகு ராணிப்பக்க மந்திரியின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியது. சிசிலியன் என்கிற தற்காப்பு. இருபத்தாறு வருடமாக எனக்கு அவர் கொடுக்கும் அதே பதில். ஆனாலும் என் மனம் அடங்கவில்லை. வெறும் கைப்பழக்கமாகவும் இருக்கலாமே.

பதினைந்தாவது நகர்த்தலில் தன் யானையைக் கொடுத்து என் குதிரையை வெட்டினார். ஐந்து புள்ளி யானையைக் கொடுத்து மூன்று புள்ளிக் குதிரையை வாங்குகிறார்! மகன் சொன்னதுதான் சரியோ என்று நினைத்தேன். அந்த யானையைச் சிப்பாயால் எடுத்தேன்.

அப்புறம்தான் பார்த்தேன். என் சிப்பாய் வரிசை உடைந்து கிடந்தது. நடுச்சிப்பாயைக் காத்து நின்றது அந்தக் குதிரை ஒன்றுதான். அவருடைய குதிரை அந்தச் சிப்பாயைத் தின்றது. பின்னாலேயே மந்திரியும் ராணியும் வந்தன. புள்ளிக் கணக்கில் நான் இன்னும் முன்னால்தான். ஆனால் என் ராஜாவுக்கு ஒதுங்க ஒரு கட்டமில்லை.

அசையாத அந்த உடலுக்குள் ஒரு மனிதர் குறையாமல் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளும் நாங்கள் பேசிய அத்தனையையும் கேட்டிருக்கிறார்.

"செக்மேட்" என்று அவருக்காக நானே சொன்னேன்.

"வாத்தியாரண்ணே, ஒங்களுக்குத்தான் ஒண்ணும் வெளங்கல போல!" என்று அவர் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையானது.

மகன் தரையில் உட்கார்ந்து அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"அப்பா... கொழும்புக்கு வர்றீங்களா?"

அவர் தலையை இருபுறமும் மெதுவாக அசைத்தார்.

அவன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். வெள்ளிக்கிழமை வேன் வேண்டாம் என்று யாரிடமோ சொல்வது கேட்டது.